ஹென்றி முறை: எவர் கண்ட முறை?

"கைநாட்டுப் பேர்வழி!" எழுத்தறியாதவனை ஏளனம் செய்ய நம்மவர் வீசும் சொல் இது. ஆனால், கையெழுத்து காலத்தால் மாறும். விரல்ரேகையோ வாழ்நாள் முழுவதும் மாறாது. அந்த ரேகையைக் காவல்துறையின் கருவியாக்கிய பெருமை, எட்வர்டு ஹென்றி எனும் ஆங்கிலேயரின் பெயரில் நிற்கிறது.

1850-இல் இலண்டனில் பிறந்தார், 1873-இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து இந்தியா வந்தார். 1891-இல் வங்காளப் போலீசின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். ஒருவர் ரேகை மற்றவருக்கு இல்லை என்பது அப்போதே தெரிந்த உண்மை. ஆயிரமாயிரம் பதிவுகளுக்கிடையே வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எங்ஙனம்? அதுதான் விடை காணாத வினா.

விடை காண்பதில் பெரும்பங்கு கொண்டவர்கள், ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் எனும் இருவர். ஹக் கணிதம் பயின்றவர். விரல் ஒவ்வொன்றிலும் சுழி உண்டா, இல்லையா? இந்த எளிய கேள்வியைப் பத்து விரல்களுக்கும் எழுப்பினால் 1,024 பிரிவுகள் பிறக்கும். 32 வரிசை, வரிசைக்கு 32 அறை. வேண்டிய அறையை நேரே திறக்கலாம்! 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் அமைந்தது. 1900-இல் நூல் வெளிவந்தது, ஆசிரியர் ஹென்றி. முறைக்கு நிலைத்த பெயரும் ஹென்றி முறை!

பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1901-இல் ஸ்காட்லாந்து யார்டு. 1903-இல் இலண்டன் மாநகரப் போலீசு கமிஷனர். 1906-இல் 'சர்' பட்டம். உழைத்த இருவருக்கோ காலங்கடந்து பட்டமும், ஆளுக்கு 5,000 ரூபாயும்!

தனி மனிதரைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1912-இல் தம்மைச் சுட்டவனுக்கே இரக்கம் காட்டுமாறு நீதிமன்றத்தில் வேண்டியவர் ஹென்றி. தம் அலுவலரில் எவரினும் மிகுதியாக உதவியவர் ஹக் என்று 1926-இல் எழுதியும் கொடுத்தார். நல்ல உள்ளந்தான்! ஆனால் மேலிருப்பவன் பெயரே நிற்கும் என்னும் ஏற்பாட்டை, ஒரு நல்ல உள்ளத்தால் மாற்ற முடியவில்லை.

கீழிருப்போர் குரல் மீண்டும் ஒருமுறை அவர் வாழ்வில் ஒலித்தது. 1918 ஆகஸ்டில், ஊதிய உயர்வும் சங்க உரிமையும் கேட்டு இலண்டன் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை குரல் ஓங்கியது. ஹென்றி பதவி விலகினார். 1931-இல் மறைந்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. இனத்துக்கு இனம் ரேகை மாறுபடுமா என்று தேடினார் கால்ட்டன் எனும் ஆங்கில அறிஞர். எந்த இனத்துக்கும் உரிய தனி ரேகை காணவில்லை என்று 1892-இல் தம் நூலில் ஒப்புக்கொண்டார். ரேகையில் மேல், கீழ் இல்லை. ரேகையை ஆய்ந்த அலுவலகத்திலோ இருந்தது!

இனிக் 'கைநாட்டு' என்று எவரேனும் இகழ்ந்தால், தோழர்களே, அவர் விரலையும் நீட்டச் சொல்லுங்கள். அங்கும் அதே வளைவு, அதே சுழி. பிறப்பின் பெருமை எங்கே எழுதியிருக்கிறது?