ரிமாண்டுக்கு முன்னால் ஒரு மருத்துவர்: ஆவடி காவல் எல்லையில் மனநோயும் சிறையும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பூட்டிக் கிடக்கும் ஒரு பட்டறையின் முன்னால் நள்ளிரவில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரோந்து போலீசார் அவரைத் தெருவில் கண்டால் சட்டம் மருத்துவமனைக்கு வழி காட்டுகிறது. அதே மனிதர் மதிலேறிக் குதித்து உள்ளே நிற்கும்போது பிடிபட்டால் எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், புழல் மத்திய சிறை. நோய் ஒன்றுதான். ஆளை அங்கே அனுப்புவதா இங்கே அனுப்புவதா என்று தீர்மானிப்பது ஒரு மதில்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தெருவில் நிற்பவரைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் சுற்றித் திரிபவரையும், மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகக்கூடியவரையும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுக்க வேண்டும் என்கிறது அதன் 100ஆம் பிரிவு. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொது மருத்துவ நிலையத்துக்கு அவரைக் கொண்டுசெல்ல வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால், காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடும் கடமையும் அந்த நிலையத்துக்கே உண்டு.

இந்தத் தடை லேசில் வந்ததல்ல. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளை ‘பாதுகாப்புக்காக’ என்ற பெயரில் சிறையில் அடைப்பது நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாகவே இருந்தது. பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டார்கள். அது சிறை அல்ல, ‘காப்பகம்’.

குற்றம் சாட்டப்பட்டுவிட்டவர் விஷயத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. 100ஆம் பிரிவின் இரண்டாவது வகை, சிறு குற்றம் செய்தவரையும் தொடக்கூடியதுதான். ஆனால் வழக்குப் பதிவான பிறகு என்ன செய்வது என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆகவே நிலையம் தனக்குப் பழகிய தடத்தில் போகிறது: கைது, மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர், காவலில் அடைப்பு.

நடுவில் உள்ள மருத்துவப் பரிசோதனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கைதான ஒவ்வொருவரையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 54. அந்தப் பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்? உடம்பில் காயம் உண்டா, அடித்த தடம் உண்டா, அது எந்த நேரத்தில் ஏற்பட்டிருக்கலாம். காவல் சித்திரவதையைத் தடுக்க வந்த விதி என்பதால் அது காயத்தைத் தேடுகிறது, அதில் தவறில்லை. ஆனால் கைதானவரின் மனநிலையைக் குறிக்கச் சொல்லி அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. பெயர் சொல்லத் தெரியாத ஒருவர், காயம் இல்லை என்ற சான்றோடு நீதிமன்றப் படியேறிவிட முடியும்.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: மனநோயாளியைச் சிறையிலிருந்து சிகிச்சைக்குத் திருப்பிவிடப் புதிய சட்டமோ தனி நீதிமன்றமோ தேவையில்லை. ரிமாண்டுக்கு முந்தைய அந்தப் பரிசோதனையில் மனநிலையும் பதிவானால் போதும், மீதியைச் செய்ய இருக்கிற சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 102ஆம் பிரிவைப் பார்க்கலாம். மனநோய் உள்ளவரோ, இருக்கக்கூடியவரோ நடுவர் முன் வந்தால், அவரை அரசு மனநல நிலையத்துக்கு அனுப்பவோ, பத்து நாளுக்கு மேற்படாமல் அங்கே சேர்த்து மதிப்பிடச் சொல்லவோ நடுவர் எழுத்தில் உத்தரவிடலாம். சுற்றித் திரிந்தவரா, குற்றம் சாட்டப்பட்டவரா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்க்கவில்லை. நடுவருக்குத் தேவை ஓர் ஆதாரம். அதைத் தரக்கூடியவர் சற்று முன் அந்த ஆளைப் பார்த்த அரசு மருத்துவர்.

உலகில் பெரிதும் பேசப்படும் முன்மாதிரி வேறு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநோயால் அவதிப்பட்ட இளைஞர் ஒருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டே காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்து நெருக்கடித் தலையீட்டுக் குழு அமைந்தது. மயாமியில் நீதிபதி ஸ்டீவன் லைஃப்மன் 2000இல் தொடங்கிய திட்டம், சிறு வழக்கில் கைதானவர்களைச் சிறையிலிருந்து சிகிச்சைக்கு மாற்றுகிறது. இவற்றில் கற்க நிறைய உண்டு. ஆனால் அங்கே தனி நிதி, தனிப் பணியாளர், தனி அமைப்பு. அதற்காகக் காத்திருந்தால் ஆவடியில் எதுவும் நடக்காது.

இங்கே வேறு ஒரு முடிச்சு இருக்கிறது. 2022 தொடக்கத்தில் சென்னை மாநகரக் காவலைப் பிரித்து ஆவடி ஆணையரகத்தை உருவாக்கினார்கள்; அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அதன் கீழ் வந்தன. வருவாய்க் கணக்கிலோ அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம், மற்ற இரண்டும் திருவள்ளூர் மாவட்டம். மனநலத் திட்டம் நடப்பது மாவட்ட வாரியாக. ஒரே ஆணையருக்குக் கீழே உள்ள இரண்டு நிலையங்கள், ஒரே மாதிரியான நோயாளிக்கு இரண்டு வெவ்வேறு மாவட்டங்களின் மனநலக் குழுக்களைத் தேட வேண்டும். இதற்கு முன், 2021இல், சாலையோரம் ஆதரவற்றுக் கிடப்பவர்களை மீட்க சென்னைக் காவல்துறை ‘காவல் கரங்கள்’ தொடங்கியபோது இந்தப் பகுதிகள் சென்னை ஆணையரகத்தோடு இருந்தன. எல்லைக்கோடுகள் மாறும்போது யாரும் முதலில் நினைத்துப் பார்ப்பது நோயாளியை அல்ல.

எங்கே அனுப்புவது என்றால் பெரும்பாலோர் வாயில் வருவது கீழ்ப்பாக்கம்தான். 1871இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையின் பெயரையே தமிழ்த் திரைப்பட நகைச்சுவை ஒரு வசவாக்கி வைத்திருக்கிறது. நோயாளியை அங்கே கூட்டிப்போகக் குடும்பங்கள் கூசுவதில் அந்தச் சிரிப்புக்கும் பங்குண்டு. மேற்குப் புறநகருக்கு அதைவிட அருகிலும் அனுபவம் இருக்கிறது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் 1993இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பின் ‘அடைக்கலம்’ இல்லம் முகப்பேரில் உள்ளது. தெருவில் அலைந்த பெண்களுக்குச் சிகிச்சை தந்து, ஊரைக் கண்டுபிடித்து, வீடு சேர்ப்பதை அது பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ மனநல அமைப்பு அண்ணாநகர் மேற்கு விரிவில் இருக்கிறது. வீடற்ற மனநோயாளிகளுக்காகத் தமிழக அரசு முதலில் தொடங்கிய அவசர சிகிச்சை, மீட்பு மையங்களில் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கிடைத்தது. அறிவும் அனுபவமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, காவல் நிலையத்துக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு நிரந்தரத் தடம்தான் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது இரண்டு. ஒன்று, நடித்துத் தப்பிவிடுவார்கள் என்பது. சிகிச்சைக்கு அனுப்புவதால் வழக்கு முடிந்துவிடுவதில்லை. குற்றம் நடந்தபோது மனநிலை எப்படி இருந்தது என்பதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவின்படி விசாரணை நீதிமன்றம் தனியே தீர்மானிக்கும். பத்து நாள் மனநல மருத்துவரின் கண்ணெதிரே நடிப்பது, காவலரிடம் ஒரு மணி நேரம் நடிப்பதைவிடக் கடினம்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது: மருத்துவமனையும் இன்னொரு சிறையாகிவிடாதா? அசாமின் மச்சாங் லாலுங் அதற்குச் சாட்சி. 1951இல் கைதானவர் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் தேறிவிட்டதாக 1967இல் மருத்துவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அனுப்பியது வீட்டுக்கு அல்ல, சிறைக்கு. விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள் கழித்து, 2005இல், வெளியே வந்தபோது அவருக்கு வயது 77. அவரை விழுங்கியது கொடுமைக்காரர் எவருமல்ல. கோப்பைத் திருப்பிப் பார்க்க ஆளில்லாமை. ஆகவே அனுப்பும் நாளிலேயே திரும்பும் தேதியும் உத்தரவில் எழுதப்பட வேண்டும். பத்து நாள் என்ற வரம்பின் மதிப்பே அதில்தான். வாதாடும் நிலையில் இல்லாதவர் என்று மருத்துவர் சொன்னால், ஜாமீனில் விடத்தக்க குற்றமா இல்லையா என்று பாராமல், தகுந்த பொறுப்பாளரிடம் ஒப்படைத்து வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறவைக்க நடைமுறைச் சட்டமே இடம் தருகிறது.

ஏற்கெனவே புழலுக்குள் போய்விட்டவர்களுக்கு 103ஆம் பிரிவு இருக்கிறது. மனநோயுள்ள கைதி எவரும் சிறையில் இல்லை என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறை மருத்துவர் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். இருந்தால் ஏன் மாற்றவில்லை என்று வாரியம் கேட்கலாம். அந்தச் சான்று வெறும் படிவமாகிவிடாமல் காப்பது வாரியத்தின் வேலை.

அம்பத்தூர், பூந்தமல்லி நீதிமன்றங்களில் ரிமாண்டுக்கு ஆஜராகும் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் நாளையே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கட்சிக்காரர் தன் பெயரைச் சொல்லத் தடுமாறினால், காயச் சான்றோடு நிறுத்தாமல் மனநிலை மதிப்பீட்டையும் கேளுங்கள். 102ஆம் பிரிவைச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். மனநோயுள்ளவருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை என்றும், அதை அவரிடம் எடுத்துச் சொல்வது போலீசாரின், நடுவரின் கடமை என்றும் அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது.