குறட்டை நிற்கும்போது

வகுப்பில் பெர்னௌலி தத்துவத்திற்கு எடுத்துக்காட்டாகக் குறட்டையைச் சொல்வேன், மாணவிகள் சிரிப்பார்கள். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லும். விரையும் காற்றின் அழுத்தம் குறைவதால் மெல்லண்ணமும் உள்நாக்கும் இழுக்கப்பட்டுப் படபடவென அதிர்கின்றன. அந்த ஓசைதான் குறட்டை.

வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. என் கணவரின் குறட்டைக்குப் பழகிவிட்டேன். அது திடீரென நிற்கும்போதுதான் விழித்துக்கொள்வேன். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். 20 விநாடி, சில சமயம் 30. பிறகு ஒரு திணறலுடன் மூச்சு திரும்பும். காலையில் கேட்டால், "நன்றாகத்தானே தூங்கினேன்" என்பார். பிற்பகலில் நாளிதழைக் கையில் பிடித்தபடியே உறங்கிப்போவார்.

இந்த மௌனத்தின் பொருள் மருத்துவத்திற்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று. 1836-37இல் டிக்கன்ஸ் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்ற பருத்த சிறுவன் வருகிறான். வேலைக்கு நடுவிலேயே உறங்கிக் குறட்டை விடுவான். 1956இல் அமெரிக்க மருத்துவர் பர்வெல்லும் அவருடைய துணைவர்களும் இத்தகைய நோயாளி ஒருவரை விவரித்தபோது, நோய்க்கு அந்த நாவலின் பெயரையே வைத்தனர். சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு ராஜாவும் கையில் இருந்தும் ஆடாமல் உறங்கிப்போன மனிதர் அவர்! பருமனால் சுவாசம் குன்றி, இரத்தத்தில் கரியமில வாயு மிகுவதே காரணம் என்று அவர்கள் கருதினர். இரவில் நடப்பதை யாரும் பார்க்கவில்லை.

1965இல் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோ குழுவினர், உறங்குவோரின் மூச்சையும் மூளை மின்னலைகளையும் பதிவு செய்தனர். ஜெர்மனியிலும் அதே ஆண்டில் இவ்வாய்வு நடந்தது. மூச்சு மீண்டும் மீண்டும் நின்றது. மார்பு முயன்றுகொண்டிருக்க, தொண்டை அடைபட்டிருந்தது. மூளை சற்றே விழித்து ஒவ்வொரு முறையும் மூச்சை மீட்டது. இதைப் பக்கத்தில் படுத்திருந்த மனைவியரைக் கேட்டிருந்தால் கருவியின்றியே சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம்!

கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளையிட்டுக் குழல் பொருத்துவதே அன்றைய வைத்தியம். 1980 ஜூனில் சிட்னியில் அதை விரும்பாத ஒரு நோயாளிக்கு, மருத்துவர் காலின் சல்லிவன் வேறு வழி தேடினார். தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைக் கொண்டு மூக்குக் கவசத்தின் வழியே காற்றைச் செலுத்தினார். தொண்டை அடைபடவில்லை. மறு ஆண்டு 'லான்செட்' இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார். தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 செ.மீ. நீர் மட்டமே. ஒரு டம்ளர் நீரின் அடியில் உள்ள அழுத்தம்தான் அது. வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு.

குறட்டை விடுவோர் எல்லோருக்கும் இந்நோய் இருப்பதில்லை. எங்கள் மருத்துவர் முதலில் என் கணவரைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பி, "குறட்டை நடுவில் நிற்குமா, அம்மா?" என்றார். இப்போது கட்டிலருகே ஒரு சிறு பெட்டி மெல்ல இரைகிறது. முதல் வாரம் முழுவதும், குறட்டை கேட்காத அறையில், பழக்கத்தால் விழித்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.