எம்.டி.எஸ்.: நோயின் போக்கைத் தீர்மானிப்பவை

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ராபின் ராபர்ட்ஸுக்கு 2012இல், 51 வயதில், மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் எனும் எம்.டி.எஸ். வந்தது. அக்காவிடம் ஸ்டெம் செல் பெற்று, மறு ஆண்டே நிகழ்ச்சிக்குத் திரும்பினார். எழுத்தாளர் சூசன் சொன்டாக்கும் புற்றுநோயை வென்றவர்தான். 2004இல், 71 வயதில் வந்த எம்.டி.எஸ்.ஸுக்கு மஜ்ஜை மாற்றமும் கைகொடுக்கவில்லை. அந்த ஆண்டே இறந்தார்.

எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை ஒழுங்காக முதிரவிடாத இந்த நோய், பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. யாருக்கு எப்படிப் போகும் என்று கணிக்க, 2012இல் வெளியான ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் மதிப்பெண் முறை பயன்படுகிறது. அது பார்க்கும் ஐந்து அளவுகளில் ஹீமோகுளோபின், தட்டணு, நியூட்ரோபில் மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். மீதி இரண்டுக்கு இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி மஜ்ஜையை எடுத்தாக வேண்டும்.

அதில் ஒன்று, முதிராத பிளாஸ்ட் அணுக்களின் அளவு. நுண்ணோக்கியின் கீழ் பொதுவாக 500 அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பிளாஸ்ட் 2 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10ஐத் தாண்டினால் ஆபத்து. 20ஐ எட்டினால் வழக்கமான வகைப்பாட்டில் அது அக்யூட் லுக்கேமியா.

மற்றொன்று குரோமோசோம். மதிப்பெண்ணில் அதிக எடை இதற்குத்தான். 5ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் மட்டும் ஒரு பகுதி அறுந்திருந்தால் ஓரளவு நிம்மதி. லெனலிடோமைடு மாத்திரை பலருக்கும் நன்றாகக் கேட்கிறது. 7ஆம் குரோமோசோம் ஒன்று இல்லாமலே போயிருந்தால் நிலைமை மோசம். மூன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் இருந்தால் மிக மோசம். 2022இல் வந்த புதிய முறை மரபணுக்களையும் கணக்கில் எடுக்கிறது: டிபி53 மரபணுவின் இரு பிரதிகளும் கெட்டிருப்பதுதான் அதில் பெரிய கவலை.

நோயின் போக்கையே மாற்றும் சிகிச்சை பெறாதவர்களை வைத்து 2012இல் கணக்கிட்டபோது, மிகக் குறைந்த ஆபத்துப் பிரிவில் பாதிப் பேர் 8.8 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார்கள். மிக அதிக ஆபத்துப் பிரிவில் பாதிப் பேர் ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. இவை கூட்டத்தின் கணக்குகள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தேதி குறிக்க உதவாதவை.

மதிப்பெண்ணுக்குள் வராத சங்கதிகளும் உண்டு. முன்பு கீமோதெரபி, கதிர்வீச்சு பெற்றதால் வந்த எம்.டி.எஸ். பொதுவாக முரட்டுத்தனமானது. அடிக்கடி ரத்தம் ஏற்றினால் பை ஒன்றுக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலில் சேரும். அதை வெளியேற்றும் வழி உடலுக்குக் கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் படியும். முழுதாகக் குணப்படுத்தக்கூடிய சிகிச்சை மஜ்ஜை மாற்றம் மட்டுமே. வயதும் இதய, சிறுநீரக நலமும் அதற்கு இடம் தர வேண்டும். உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். அப்படி யாரும் அமையாதவர்களுக்கு, பாதி பொருந்தும் பெற்றோரிடமோ பிள்ளைகளிடமோ இருந்து எடுத்தும் இப்போது மாற்றுகிறார்கள்.