கழித்தலும் விடை சரிபார்த்தலும்

ஒரு முழு எண்ணிலிருந்து மற்றொரு முழு எண்ணை நீக்கி மீதியைக் காண்பது கழித்தல் எனப்படுகிறது. இதைச் செய்யும் முறைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. கிடைத்த விடை சரியானதா என்று அறியும் முறைகளுக்கும் தனி வரலாறு உண்டு.

இந்தியக் கணித நூல்களில்

சமற்கிருதக் கணித நூல்கள் கழித்தலை வியவகலிதம் என்று குறிப்பிடுகின்றன. இரண்டாம் பாஸ்கரர் 1150 அளவில் இயற்றிய லீலாவதியில் ஒரு கணக்கு வருகிறது. 2, 5, 32, 193, 18, 10, 100 ஆகியவற்றைக் கூட்டி, அத்தொகையை 10000இலிருந்து கழிக்க வேண்டும். கூட்டுத்தொகை 360, மீதி 9640. இலக்கங்களை வலமிருந்தும் கழிக்கலாம், இடமிருந்தும் கழிக்கலாம் என்கிறது அந்நூல்.

அக்காலத்தில் தூசி பரப்பிய பலகையில் கணக்கிடும் வழக்கம் இருந்தது. இதனால் கணக்கிடுதலுக்குத் தூளி கருமம் என்றும் பெயர். பழைய இலக்கத்தை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே செல்வதால் இறுதியில் விடை மட்டுமே எஞ்சும். இடையில் நேர்ந்த பிழையைத் திரும்பிப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே விடையைக் கொண்டே அதைச் சோதிக்கும் வழி தேவைப்பட்டது.

ஒன்பதை நீக்கும் முறை

அத்தகைய வழிகளுள் ஒன்று ஒன்பதை நீக்கும் முறை. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இரண்டாம் ஆரியபட்டரின் மகாசித்தாந்தத்தில் இது காணப்படுகிறது. ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளை நீக்கினால் எஞ்சுவது அந்த எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதியாகும். 10000க்கு 1, 360க்கு 0, 9640க்கு 1. 1இலிருந்து 0 போக 1, விடை பொருந்துகிறது.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. 9640 என்பதை 9460 என்று இடம் மாற்றி எழுதினாலும் எஞ்சுவது 1தான். பூச்சியத்திலிருந்து 6 போகாது என்று எண்ணி, சிறியதைப் பெரியதிலிருந்து கழித்து 10360 என்று எழுதினாலும் அதே 1 வரும். பொருந்தாவிட்டால் பிழை உறுதி. பொருந்தினால் விடை சரி என்பது உறுதியில்லை.

ஐரோப்பாவில்

இந்திய எண்முறை அரபு நூல்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1478இல் இத்தாலியின் திரெவிசோ நகரில் அச்சான வணிகக் கணித நூல் ஒன்பதை நீக்கும் முறையைக் கற்பித்தது. 1489இல் லைப்சிக்கில் வெளியான யோகன்னஸ் விட்மனின் நூலில் கழித்தல் குறி அச்சில் இடம்பெற்றது. பிரான்சில் வரிப் பணியில் இருந்த தந்தைக்கு உதவ 1642இல் கணக்கிடும் எந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார் பிளேசு பாஸ்கல். அதன் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழலாததால், ஒவ்வோர் இலக்கத்தையும் 9இலிருந்து கழித்துப் பெறும் நிரப்பு எண்ணைக் கொண்டு கழித்தல் கூட்டலாக மாற்றப்பட்டது.

பள்ளிகளில்

பள்ளிகளில் இரண்டு முறைகள் நிலைத்தன. ஒன்று, அடுத்த இடத்திலிருந்து கடன் வாங்குவது. 10000இல் பத்தாம் இடம் பூச்சியம் என்பதால் கடன் இடப்பக்கமாகத் தொடர்ந்து சென்று முதல் இலக்கத்தை அடைகிறது. மற்றொன்று, மேலே பத்தையும் கீழே அடுத்த இடத்தில் ஒன்றையும் கூட்டுவது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் பிரவுனெல், மோசர் என்பவருடன் இணைந்து 1949இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டது. காரணத்தை விளக்கிக் கற்பித்தபோது கடன் வாங்கும் முறை நல்ல பலன் தந்தது. அதன்பின் அமெரிக்கப் பள்ளிகளில் அம்முறையே பரவியது.

கூட்டிச் சரிபார்த்தல்

எம்முறையில் கழித்தாலும் மீதியுடன் கழித்த எண்ணைக் கூட்டினால் முதல் எண் வர வேண்டும். 9640உடன் 360 சேர்ந்தால் 10000. பிழையான 9460உடன் கூட்டினால் 9820, 10360உடன் கூட்டினால் 10720. ஒன்பதை நீக்கும் முறைக்குத் தப்பிய இரு பிழைகளும் இங்கே வெளிப்படுகின்றன. கழித்தல் என்பது கூட்டலின் மறுதலை என்பதே இதற்குக் காரணம்.