பழைய பிக்கப்புக்கு எந்த எஞ்சின்?

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தபோது, "வெளிநாட்டில் வேலை பெறுவது எப்படி" சமாச்சாரம் வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன். அதை ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். மிச்சிகன் மாநிலத்தில் எஞ்சின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் எஞ்சினைப் பற்றித்தானே எழுத முடியும்? சிவில், இ.சி.இ. நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு ஒன்றே ஒன்றுதான் வரும்.

என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்க நண்பரிடம் 1951-ஆம் வருடத்து செவர்லே 3100 பிக்கப் வண்டி இருக்கிறது. அவருடைய அப்பா பண்ணையில் ஓட்டியது. அப்பா காலமானபின், வண்டியை ஹாட் ராட் ஆக்க வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. அதாவது பழைய வண்டியின் உடம்பை வைத்துக்கொண்டு, உள்ளே வலுவான எஞ்சினைப் பூட்டுவது. அவர் தம்பியோ, "அப்பா ஓட்டிய எஞ்சினைக் கழற்றினால் அது அப்பா வண்டியே இல்லை" என்கிறார். ஆறு மாதமாக அண்ணன் தம்பிக்குள் சரியாகப் பேச்சு இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

இந்தத் தகராறு புரிய வேண்டுமானால் 1932-க்குப் போக வேண்டும். அதற்கு முன் வி-8 எஞ்சின் என்பது காடிலாக் மாதிரியான பணக்கார வண்டிகளின் சொத்து. ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்து, 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி எஞ்சினைச் சாதாரண ஜனங்கள் வாங்கும் காரில் வைத்துவிட்டார். அதுதான் 'ஃபிளாட்ஹெட்'. வால்வுகள் தலைக்கு மேலே இல்லாமல் சிலிண்டர் ஓரத்திலேயே பிளாக்குக்குள் இருக்கும். ஹெட் என்பது தட்டையான ஒரு மூடிதான். கலிபோர்னியா இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக், எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். 1937-இல் இதற்கென்று தென் கலிபோர்னியாவில் ஒரு சங்கமே வைத்தார்கள். 1938-இல் விக் எடல்பிராக் தன் வண்டிக்காக ஒரு மேனிஃபோல்டு வடித்தார். அது பிற்பாடு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. மறு வருடம் பான்வில் உப்பு வெளியில் வேகப் போட்டி வாரம் தொடங்கியது.

ஆனால் ஃபிளாட்ஹெட்டுக்குப் பிறவியிலேயே இரண்டு நோய். எரிந்த புகை பிளாக்கின் ஊடாகச் சுற்றித்தான் வெளியேற வேண்டும். அந்தச் சூடு முழுக்கத் தண்ணீரில் இறங்கும், ரேடியேட்டர் கொதிக்கும். இரண்டாவது, வால்வு ஓரத்தில் இருப்பதால் எரியறை பக்கவாட்டில் பரந்துகிடக்கும். அழுத்த விகிதத்தைக் கூட்ட அதைக் குறுக்கினால், காற்று போகும் வழியும் குறுகிவிடும். மூச்சு முட்டும்! ஐ.சி. எஞ்சின்ஸ் வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் தம்பிகள் இந்த மலரை நினைத்துக்கொள்ளலாம்.

1949-இல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் வால்வுகளைத் தலைக்கு மேலே ஏற்றின. 1951-இல் கிரைஸ்லர் அரைக்கோள எரியறையோடு வந்தது. பலசாலி, ஆனால் ரொம்ப கனம். நிஜமான புரட்சி 1955-இல் வந்த செவர்லே 'ஸ்மால் பிளாக்' என்பேன். எட் கோல் தலைமையில் செய்தது. 265 கன அங்குலம், 162 குதிரைசக்தி. மெல்லிய சுவர் வார்ப்பு. ராக்கர் ஆர்மைத் தகட்டில் அடித்து எடுத்து, அதைத் தாங்கும் தண்டையே ஒழித்துவிட்டார்கள். எண்ணெய், உள்ளே துளையுள்ள புஷ் ராட் வழியாகவே மேலே ஏறும். விளைவு, எட்டு சிலிண்டர் எஞ்சின் அவர்களுடைய ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட எடை குறைவு! பிற்பாடு 283, 327, 1967-இல் 350 என்று வயிறு பெருத்தாலும், வெளி அளவு ஏறக்குறைய அதேதான். ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் பொருந்தும். காயலான் கடைக்குப் போனால் கை நிறையக் கிடைக்கும். ஹாட் ராட்காரர்கள் ஃபிளாட்ஹெட்டைக் கைவிட்டதில் ஆச்சரியமே இல்லை.

எஞ்சின் மாற்றுவது நம் ஊர்க்காரர்களுக்கும் புதிதல்ல. பழைய பெட்ரோல் லாரிகளில் பெர்கின்ஸ் டீசலைப் பூட்டியவர்கள்தானே நாம்! இங்கே வேகத்துக்காக, அங்கே பெட்ரோல் செலவுக்காக. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, 3100-க்கு வருவோம். அதிலிருப்பது 216 கன அங்குலம், ஆறு சிலிண்டர், சுமார் 90 குதிரைசக்தி. கனெக்டிங் ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று இருக்கும். அது எண்ணெயை மொண்டுதான் ராடு பேரிங்குக்கு ஊட்டும். பின் அச்சின் கியர் விகிதம் 4.11. மணிக்கு 90 கி.மீ. வேகத்திலேயே எஞ்சின் சுமார் 2700 சுற்று சுற்றும். பண்ணைக்கு அது போதும். இன்றைய நெடுஞ்சாலைக்குப் போதாது.

நண்பர் கேட்டது 1999-இல் வந்த 5.3 லிட்டர் எஞ்சின், எல்.எஸ். குடும்பத்து வாரிசு. பழைய செவர்லே பிக்கப் கிடந்த காயலான் கடையில் பார்த்து வைத்துவிட்டார். 270 குதிரைசக்தி. சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி அன்றைய 1955 எஞ்சினில் இருந்த அதே 4.4 அங்குலம் என்பதைப் பார்த்து எனக்கே சிலிர்த்தது. நல்ல எஞ்சின், சந்தேகமே இல்லை.

ஆனால் எஞ்சின் தனியாக வருவதில்லை. 3100-இல் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. 5.3-க்கு சுமார் 58 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல் வேண்டும். அந்த அழுத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன். டாங்க் கீழே போயாக வேண்டும். இந்த வண்டியில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடப்பட்டு, பின் அச்சோடு சேர்ந்தே இருப்பதால், புது கியர் பாக்ஸ் என்றால் பின் அச்சும் மாற்ற வேண்டும். வயரிங், கம்ப்யூட்டர் தனி. எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். ஒரே சர்க்யூட், நாலும் டிரம். 80 கி.மீ.யில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 120-இல் நிறுத்த 2.25 மடங்கு சக்தியைச் சூடாக மாற்ற வேண்டும். நான் சொன்ன கணக்கு இதுதான். நண்பர் காகிதத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

நான் சிபாரிசு செய்தது 235. அதே குடும்பத்து ஆறு சிலிண்டர், 1954-லிருந்து எல்லாமே முழு அழுத்த எண்ணெய். பானெட்டைத் திறந்தால் அப்பா வண்டி போலவே இருக்கும். தண்ணீர் பம்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தட்டிக்கொட்ட வேண்டும். பின் அச்சின் பல்லை மாற்றி, முன்னால் டிஸ்க் பிரேக்கும் வைத்தால் நெடுஞ்சாலையில் தைரியமாகப் போகலாம். "இதுக்குப் பேர் ஹாட் ராடா?" என்று நண்பர் முணுமுணுத்தார். ஆனால் தம்பி போன் செய்து, 216-ஐத் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் போன்.

வாங்கிய 235 பிளாக் இப்போது ஒரு பட்டறையில் காந்தத் துகள் சோதனைக்குப் போயிருக்கிறது. விரிசல் இல்லையென்றால் வேலையைத் தொடங்குவோம். இருந்தால் 5.3 பேச்சு மறுபடியும் கிளம்பும் என்று இரண்டு பேருமே எச்சரித்திருக்கிறார்கள்.