அருள், விசுவாசம், நற்கிரியை: கொச்சிச் சான்று

கிறிஸ்தவ மீட்புக் கொள்கையில் அருளே முதல் என்பதில் பெரிய சபைகளிடையே பிணக்கில்லை. விசுவாசம் மட்டும் போதுமா, நற்கிரியையும் வேண்டுமா என்பதே வழக்கு. பவுலின் நிருபங்களும் யாக்கோபின் நிருபமும் இருபக்கமும் சான்றாகக் காட்டப்படும். 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் ‘விசுவாசம் மட்டும்’ என்பதை மறுத்தது.

மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் இவ்வழக்கின் தடத்தைக் கண்ணாலேயே காணலாம். போர்ச்சுக்கீசியக் கத்தோலிக்கர் கட்டியதை, 1663-இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர் ‘விசுவாசம் மட்டும்’ என்னும் சீர்திருத்த சபையின் ஆலயமாக்கினர். வடசுவரில் போர்ச்சுக்கீசியர் கல்லறைக் கற்கள், தென்சுவரில் டச்சுக்காரருடையவை.

இவ்வழக்கில் பின்னர் இணக்கமும் பிறந்தது: மீட்பு அருளாலேயே, நற்கிரியை அதன் கனி என்னும் கூட்டறிக்கையில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்திட்டனர்.