முன்வரலாற்றுச் சரிபார்ப்பு: பெரம்பலூர், அரியலூர்

அரசு வேலைக்குத் தேர்வானவரின் நடத்தை, வழக்கு விவரம், குடி, போதைப் பழக்கம் ஆகியவற்றை விசாரித்துக் காவல்துறை தரும் அறிக்கையே முன்வரலாற்றுச் சரிபார்ப்பு. ஊர்வழக்கில் போலீஸ் வெரிஃபிகேஷன். ரகசியக் கோப்புகளைப் பார்க்க அமெரிக்கா வழங்கும் அனுமதிக்கும் இத்தகைய விசாரணை உண்டு. 2017இல் அங்கு நடைமுறைக்கு வந்த 13 வழிகாட்டு நெறிகளில் போதைப்பொருளுக்கு ஒன்று, தனிநடத்தைக்கு ஒன்று. இங்கோ மந்தணக் கோப்பு எதையும் தொடாத இரண்டாம் நிலைக் காவலரும் இதைக் கடந்துதான் சீருடை அணிய வேண்டும்.

மனிதரின் நடத்தையைக் காவல் நிலையப் பதிவேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் பழையது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, பிறந்த சாதியே நடத்தைச் சான்றாகிவிட்டது. மாகாணத்தில் 1947இல் அது ஒழிந்தது. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு, சாராய வழக்கு என்ற புதுக் கறையைக் கொண்டுவந்தது. 1971இல் மதுக்கடைகள் திறந்த பிறகும் மதுவிலக்குச் சட்டம் நூலில் இருக்கிறது. கள்ளச்சாராய வழக்குகள் இன்றும் அதன்கீழ்தான்.

கஞ்சாவுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. கஞ்சா புகைத்ததற்கு மட்டும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காக்கும் பிரிவும் (64ஏ) அதிலேயே உண்டு. வேலைக் கனவோடு இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் இதை அவசியம் சொல்லிவைக்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் 1995 வரை திருச்சி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனியாகி, 2002இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலைபெற்றது. குன்னத்திலோ ஜெயங்கொண்டத்திலோ தேர்வான பிள்ளையைப் பற்றி இப்போது அந்தந்த மாவட்டக் காவல்துறையே விசாரிக்கிறது. தனிப்பிரிவு ஏட்டு பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் வைத்து நிலையப் பதிவேட்டைப் புரட்டுவார், பிறகு தெருவில் நாலு பேரிடம் “பையன் எப்படி?” என்று கேட்பார்.

அவர் வருவதற்கு முன்பே, தேர்வானவர் நிரப்பும் படிவத்தில் பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, வழக்கு உண்டா, அபராதம் கட்டினீர்களா என்று அது கேட்கும். வழக்குதான் முடிந்துவிட்டதே என்று நினைத்து ‘இல்லை’ என்று எழுதுகிறவர்கள் அங்கேயே சறுக்குகிறார்கள். செய்த தப்பு சின்னதாக இருந்தாலும் மறைத்தது பெரிதாகிவிடும்.

நீதிமன்றங்கள் இதில் ஒரே வழியில் நடக்கவில்லை. டெல்லி காவல்துறைக்குத் தேர்வான ஒருவர் பழைய அடிதடி வழக்கை மறைத்திருந்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளமையின் பிழையை ஆயுளுக்கும் சுமத்தலாகாது என்று கருதி, ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீனை நினைவூட்டியது. ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் நாம் அறிந்த கதை. 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் தெளிவான நெறிகளை வகுத்தனர்: இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் மன்னிக்கலாம், உள்ளதைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்றில்லை, முன்வரலாற்றைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

தமிழ்நாட்டுக் காவலர் பணி விதி இன்னும் கடுமையானது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் விளக்கம் அதில் சேர்க்கப்பட்டது. 2008இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அதை ஏற்றது. கிராமத்துக்கு இது பொருந்தாத அளவுகோல். வரப்புச் சண்டையில் அண்ணன் தம்பி எல்லார் பெயரையும் புகாரில் சேர்ப்பார்கள். அடுத்த திருவிழாவுக்குள் ராஜியாகிச் சாட்சி சொல்லப் போகமாட்டார்கள். ஊர் சமாதானமானதே பையனுக்கு வினையாகிறது. விசாரணை நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பின்னர் குற்றமற்றவர் என்றே விடுதலையானாலும், அடுத்த ஆள்சேர்ப்பில் மறுபடி எழுதி, ஓடி, கயிறு ஏறித்தான் அவர் உள்ளே வர வேண்டும். அதற்குள் வயது வரம்பு தாண்டாமல் இருந்தால்.